செதிலோடு சுட்ட மீன்

எங்கள் வீட்டுக்கு மீன் டின்னில் வரும், அல்லது காய்ந்து வரும். டின் மீன் விருந்தாளி வந்தால். கருவாடு மற்ற எல்லா நாளைக்கும். சம்பளக் கிழமையில் லொறிக்காரரிடம் வாங்கினாலும் துண்டாகத்தான் வாங்குவோம். தலையும் வாலும் சேர்ந்து ஒரே உடம்பாக இருந்த ஒரு மீனை நான் கையில் தூக்கியது, என் தங்கச்சி வெளிநாட்டுக்குப் போகிறாளா, வீட்டில் நிற்கிறாளா என்பது தெரியவேண்டிய கிழமையில்தான்.

அவள் ஹட்டனில் ஒரு ஏஜென்சியில் பதிந்திருந்தாள். பணிப்பெண் வேலைக்கு. பயிற்சியும் முடிந்திருந்தது. துணி துவைக்கிற மெஷின், தூசி உறிஞ்சுகிற மெஷின், பிளாஸ்டிக் பொம்மையைக் குழந்தையாக வைத்துக் குளிப்பாட்டுவது எல்லாம் பழக்கிக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு வைத்த மின்சார அடுப்பும் இருந்ததாம். அதில் மீன் சுடலாம், கோழி சுடலாம் என்று கதவைத் திறந்து மூடிக் காட்டினார்களாம்.

"உள்ள என்ன வச்சாங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னும் வைக்கல. வெறுந்தட்டுதான். மீன் இருக்கிற மாதிரி நெனைச்சுக்கங்கன்னு சொன்னாங்க."

"என்ன மீனு?"

"அத சொல்லல. நாங்க எல்லாரும் டின் மீனத்தான் நெனைச்சோம்."

நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவள் சொன்ன எதற்கும் சிரிப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். அம்மா கொழுந்தெடுக்கிறார். அப்பா கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியின் தலையைச் சீவிச் சீவி அவருடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துவிட்டது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் என் பெயரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. நான் நோட்டன் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

தங்கச்சியையும் அப்படியே கொண்டுவர நினைத்தேன். சாதாரண தரப் பரீட்சையில் அவளுக்குக் கணக்கு மட்டும் கிடைக்கவில்லை. மறுபடி எழுதினாள். மறுபடியும் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை அவளுக்குப் படிப்பித்தது நான். இன்னொரு முறை எழுது, கணக்கு மட்டும் கிடைத்தால் முன்பள்ளி ஆசிரியையாகவாவது போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வினாத்தாள்களைச் சேர்த்துக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். அவள் அதை அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

"பெரட்டுல போயி நிக்க என்னால முடியாதுக்கா" என்றாள் ஒருநாள். "ஒன்ன மாதிரி சேல கட்டி பஸ் ஏறுறதும் எனக்கு வராது. நடுவுல எனக்குன்னு என்னா இருக்கு, சொல்லு."

நான் கணக்கு இருக்கிறது என்றேன். அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள்.

ஏஜென்சிக்கு அவளைக் கூப்பிட்டிருந்த அன்று நானும் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனேன். காரியத்தைக் கெடுக்க ஏதாவது வழி கிடைக்குமா என்று பார்க்கத்தான். அவளை வேலைக்கு எடுக்கப்போகிற வீட்டுக்கார அம்மா வீடியோவில் பேசினார். முகம் தெரியவில்லை. அவர் போனை எங்கோ படுக்க வைத்திருக்க வேண்டும். உயரமான கூரையும் அதில் தொங்குகிற ஒரு பெரிய கண்ணாடி விளக்கும்தான் தெரிந்தன. என் தங்கச்சி அந்த விளக்கைப் பார்த்துத்தான் சிரித்தாள், தலையாட்டினாள். ஏஜென்சிக்காரர் இடையில் நின்று மொழிபெயர்த்தார்.

"மீன் சுடத் தெரியுமான்னு கேக்குறாங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்த வீட்ல மீன் சுடணுமாம்."

"தெரியும் சேர்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பேச்சு முடிந்ததும் ஏஜென்சிக்காரர் ஒரு படத்தை என் போனுக்கு அனுப்பினார். முதுகுப் பக்கம் பிளந்து, வயிற்றுப் பக்கம் ஒட்டியபடி, புத்தகம் மாதிரி விரித்துச் சுட்ட ஒரு பெரிய மீன். "இந்த மாதிரிதான். தோலு தனியா, சத தனியா கழண்டு வரணும். ஒட்டிக்கிட்டு வந்தா மேடத்துக்குப் புடிக்காது. சனிக்கெழமக்குள்ள வீட்ல ஒன்னு சுட்டு வீடியோ எடுத்து அனுப்புங்க. பாத்துட்டு ஓகேன்னா டிக்கட் போடுறேன். இல்லாட்டி ராகலைப் பக்கத்துப் புள்ள ஒன்னு ரெடியா இருக்கு, அவங்கள அனுப்பிருவேன். அடுத்த எடம் எப்ப வரும்னு சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்: "எதுக்குடி பொய் சொன்ன?"

"எது பொய்யி? நான் கருவாடு சுட்டதே இல்லையா? கருவாடு மீன் இல்லாம கோழியா?"

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் வாய்க்குள் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடத்தில் புலமைப்பரிசில் வகுப்பு. அது முடிந்து வருகிற வழியில் மீன் வாங்கி வரச்சொல்லி என்னிடமே கேட்டாள். "நீ அந்த வழியாத்தானே வர்ற. டேம் ரோட்டுல விப்பாங்களே." நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் வேறு யாரிடமாவது சொல்லி வாங்குவாள். அதோடு, எங்கள் வீட்டில் யாராலும் இது முடியாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். கெட்டுப்போன ஒரு மீன் நான் சொல்கிற எதையும்விட நன்றாக அவளுக்குச் சொல்லும் என்று நினைத்தேன்.

நோட்டன் பிரிட்ஜில் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ரோட்டில் ஒருவர் சைக்கிளைச் சாத்திவைத்து, பிளாஸ்டிக் பேசினில் மீன் வைத்திருந்தார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். எனக்குத் தெரியாத சொல். மறுபடி கேட்டேன், அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனமில்லை. பழுப்பும் பொன்னிறமும் கலந்த மீன். செதில் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிது. வாயின் இரண்டு பக்கமும் மீசை. படத்தில் இருந்த மீனுக்கு மீசை இல்லை. சுட்டால் மீசை எரிந்துவிடும்தானே என்று இரண்டு வாங்கினேன்.

சொப்பிங் பேக்கில் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சேலையும் கைப்பையுமாக அதைத் தூக்கிக்கொண்டு ஏறியதைப் பார்த்து கொண்டக்டர், "மீனுக்கும் டிக்கட் எடுக்கணும் மிஸ்" என்று சிங்களத்தில் சொல்லி, பஸ் முழுவதையும் சிரிக்க வைத்தார். தோட்டத்துச் சந்தியில் இறங்கி எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நடந்தபோது வழியில் நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் வாலைப் பார்த்தார்கள்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மா முழங்கால் வலி என்று அன்று கொழுந்தெடுக்க மலைக்குப் போகவில்லை. மீனை வாங்கிப் பார்த்தவர், "ஆத்தாடி, இது மீனா, மீச வச்ச கங்காணியா?" என்றார். அப்பா வாயைத் திறந்து பார்த்தார். பல்லில்லை என்று சொன்னார்.

மீன் கழுவுவது என்றால் அம்மாவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். நாற்றம் முழுவதும் போகும்வரை கழுவுவது. லொறி மீனுக்கு அது சரி. கடற்கரையிலிருந்து இத்தனை மலை ஏறி எங்களிடம் வந்து சேரும்போது அதைக் கழுவாமல் தின்ன முடியாது. தண்ணீர் கொட்டும் பீலியடியில் உட்கார்ந்து, கத்தியின் முதுகால் ஒரு மீனை வாலிலிருந்து தலைவரை சுரண்டினார். செதில்கள் தெறித்து அவர் தலைமுடியில், சேலையில், பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களின் வாளியில் எல்லாம் ஒட்டிக்கொண்டன. பிறகு உப்புப் போட்டு, மஞ்சள் போட்டு, கொறக்காய்ப் புளி போட்டு, சட்டி தேய்க்கிற மாதிரி தேய்த்தார். மீன் பொன்னிறம் போய் வெளுத்துவிட்டது. துண்டு போடவா என்று கத்தியை வைத்தவரைத் தங்கச்சி ஓடிப்போய்த் தடுத்தாள்.

"அம்மா, முழுசா சுடணும்மா! இந்தா, இந்தப் படத்தப் பாருங்க."

"முழுசா வச்சா உப்பு எப்புடிடி உள்ள போகும்? அவங்க ஊருல உப்பு இல்லையா?"

நெருப்பு அப்பாவின் வேலை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள், மிலாறு என்போம், அதுதான் எங்கள் வீட்டு விறகு. முன் திண்ணையான இஸ்தோப்பில், கூரை நீண்டிருக்கிற இடத்தில், மூன்று கல் வைத்து மூட்டினார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. நெருப்பு நன்றாகக் கங்கானதும், முதுகு பிளந்த மீனைக் கையில் வாங்கி, யாரும் எதுவும் சொல்வதற்கு முன் நேராகக் கங்கின் மேல் போட்டுவிட்டார். கருவாட்டை அப்படித்தான் சுடுவோம். கங்கில் போட்டு, புரட்டி, எடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டுச் சோற்றோடு வைத்துக்கொள்வோம். எனக்கே அது சரியாகத்தான் பட்டது. வேறு எப்படிச் சுடுவது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

கருவாட்டில் தண்ணீர் இல்லை. இதில் இருந்தது. சீறியது. வெள்ளைப் புகை எழுந்து கூரைக்குப் போனது. எங்கள் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா; காம்பராக்களுக்கு இடையே சுவர் உண்டு. ஆனால் அது கூரைத் தகரம் வரை போகாது. மேலே எல்லாக் காம்பராவுக்கும் ஒரே இடைவெளிதான். ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். பக்கத்துக் காம்பரா அத்தையின் குரல் சுவருக்கு மேலாக வந்தது.

"டீச்சரம்மா வீட்ல என்னா, மயானத்தையே உள்ள கொண்டாந்துட்டீங்களா?"

"மீன் சுடுறோம் மதினி" என்றார் அம்மா.

"மீனா? நான் யாரோ தலமுடிய போட்டு எரிக்கிறாங்களோன்னு நெனைச்சேன். படிச்ச புள்ள இருக்கிற வீடு, ஒரு மீனு சுடத் தெரியல!"

அப்பா கரண்டியால் புரட்டப் பார்த்தார். தோல் கங்கோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. சதை மட்டும் பிய்ந்து வந்தது. வால் விழுந்தது. வெளியே சாம்பலும் கரியும். முதுகெலும்பை ஒட்டி உள்ளே இரத்தம். மீசை மட்டும் எரியாமல் இருந்தது.

தங்கச்சி இஸ்தோப்புப் படியில் போய் உட்கார்ந்தாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு முகத்தைத் தூக்காமலே சொன்னாள்.

"நான் போகலக்கா."

பேசினால் என் குரலில் சந்தோஷம் தெரிந்துவிடும். அவள் முதுகில் கை வைத்தேன். மழை விட்டதும் அலுமாரி மேலிருந்து வினாத்தாள் கட்டை இறக்கித் தூசி தட்டி வைக்கவேண்டும் என்று நினைத்தேன். பின்னங்களிலிருந்து தொடங்கலாம். அவளுக்குப் பின்னம்தான் வராது. இந்தத் தடவை வேறு மாதிரி சொல்லிக் கொடுக்கலாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஒரு பாடத்திட்டமே போட்டுவிட்டேன்.

"அப்ப மத்ததக் கொழம்பு வச்சிரவா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டார்.

தங்கச்சி எழுந்து போய், தட்டில் கிடந்த அந்தக் கரிந்த மீனைக் கிளறினாள். தின்னத்தான் கிளறுகிறாள் என்று நினைத்தேன். செட்டைக்குக் கீழே ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. அம்மாவின் கத்தி எட்டாத ஓர் இடம். நாலைந்து செதில் அங்கே அப்படியே இருந்தது. அவள் நகத்தை விட்டு நெம்பினாள். அந்தச் செதில்கள் தோலோடு சேர்ந்து ஒரு மூடி மாதிரி எழும்பி வந்தன. அடியில் சதை வெள்ளை வெளேரென்று, ஈரமாக, ஒரு பொட்டுச் சாம்பல் இல்லாமல் இருந்தது. தோலில் ஒன்றும் ஒட்டவில்லை.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டாள். மென்றாள்.

"அம்மா! மத்ததுல கை வைக்காதீங்க!"

"என்னாடி?"

"செதில எடுக்கவேணாம். செதிலோடதான் சுடணும்."

"செதிலோடயா? மனுசன் திம்பானா அத?"

"அத யாரும்மா திங்கச் சொன்னா? அது சட்ட மாதிரி. கழட்டிப் போட்டுறலாம்."

அதற்குப் பிறகு அவள் எங்களில் யாரையும் நெருப்புப் பக்கம் விடவில்லை. எங்கள் தோட்டத்து ஸ்டோர், தேயிலைத் தூள் செய்த ஆலை, பூட்டி வருடக்கணக்காகிவிட்டது. கொழுந்து இப்போது லொறி ஏறி வேறு தோட்டத்துக்குப் போகிறது. பூட்டிய ஸ்டோரில் தூள் சலித்த கம்பிவலையில் ஒரு துண்டு எங்கள் கோழிக்கூட்டில் கதவாகக் கட்டியிருந்தது. அதைக் கழற்றச் சொன்னாள். அப்பா கழற்றினார். கோழிகளை அம்மா சாக்கால் மூடினார். வலையைப் பீலியில் தேய்த்துக் கழுவி, நெருப்பில் காட்டி, நடுவில் மடித்து, மற்ற மீனை முதுகில் பிளந்து உள்ளே வைத்துக் கம்பியால் இறுக்கினாள். மிலாறு சுள்ளென்று எரிந்து சுள்ளென்று அணைந்துவிடும் என்று, தேயிலைத் தூர்க்கட்டை இரண்டைப் போடச் சொன்னாள். கல்லுக்கு மேல் கல் வைத்து உயரம் கூட்டினாள். சதைப் பக்கத்தில் உப்பும் மிளகும் பூண்டும் தேசிக்காயும். செதில் பக்கம் நெருப்புக்கு. உள்ளங்கையை வலைக்கு மேல் பிடித்துப் பார்ப்பாள், ஒரு கல்லை எடுப்பாள், மறுபடி பிடிப்பாள், மறுபடி வைப்பாள்.

நான் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் முழுக்க அவளோடு உட்கார்ந்தும், பென்சிலைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிற பிள்ளையாகத்தான் அவளை எனக்குத் தெரியும். இந்த முகம் எனக்குத் தெரியாது. ஒரு விஷயம் ஏன் பிழையாய்ப் போனது என்று பார்த்து, அதிலிருந்து அடுத்ததைச் செய்கிறாள். இதைத்தான் நான் அவளுக்குப் படிப்பிக்கப் பார்த்தேன். அது அவளிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதை வைத்து அவள் ஏறிப்போக எங்கள் மலையில் ஒரு படியும் இல்லை. அது விலைபோகிற இடம் கடலுக்கு அந்தப் பக்கம், கூரையில் கண்ணாடி விளக்குத் தொங்குகிற ஒரு வீட்டுக் குசினியின் அடுப்படி.

வாசனை மாறியது. புகை குறைந்து, கொழுப்பு கங்கில் சொட்டுகிற வாசனை. சுவருக்கு மேலே அத்தையின் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை மெதுவாக.

"இப்ப என்னா செய்றீங்க மதினி?"

"அதே மீனுதான்."

"அதே மீனா? ஒரு துண்டு இந்தப் பக்கமும் வரட்டும். நாங்களும் மனுசங்கதானே."

"மயானத்துல இருந்தா?" என்றாள் தங்கச்சி. அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது.

"அக்கா, போன எடு" என்றாள்.

அவளுடைய போனில் கமெரா மங்கல். என்னுடையதில்தான் தெளிவாக எடுக்கும். வலையைப் பிரித்து மீனைத் தட்டில் வைத்தாள். சட்டையைச் சரிசெய்தாள், முகத்தில் கரி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டாள். நான் போனைப் பிடித்தேன். கை கொஞ்சம் ஆடினால் போதும், வீடியோ மங்கிவிடும்; மறுபடி எடுக்க இன்னொரு மீன் இல்லை. என் கை ஆடவில்லை. நன்றாகவே எடுத்தேன்.

"ஸமக், மேடம்" என்றாள் அவள் போனைப் பார்த்து. மீனுக்குப் பயிற்சியில் பழகிய அரபுச் சொல். "ஸமக்."

"என்னாது சமக்கு?" என்றார் அப்பா. அதுவும் வீடியோவில் விழுந்தது.

அவள் தோலின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். தலையடியிலிருந்து வால்வரை ஒரே உரியாக வந்தது. செதில்கள் கறுத்து மடங்கி, உள்பக்கம் பளபளவென்று சுத்தமாக. சதை முழுவதும் தட்டில் இருந்தது. தோலில் ஒரு நூல் சதைகூட ஒட்டவில்லை. அதை அவள் கமெராவுக்குத் திருப்பிக் காட்டிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பரீட்சையில் ஒரு தடவையாவது அப்படி ஒரு தாளை அவள் உயர்த்திக் காட்டியிருந்தால்!

அனுப்பினோம். சாப்பிட்டோம். நல்ல ருசி. அதைச் சொல்லத்தான் வேண்டும். முள் அதிகம், அப்பா ஒவ்வொரு வாயையும் விரலால் துழாவித் துழாவித் தின்றார். அத்தைக்கு ஒரு தட்டு போனது. அம்மா, "இன்னுங் கொஞ்சம் உப்பு புடிச்சிருக்கணும்" என்றார். தன் பங்கில் பாதியைச் சின்னவள் தட்டில் தள்ளிவிட்டார்.

தட்டைக் கழுவுவதற்குள் போன் கிணுங்கியது. ஏஜென்சிக்காரர் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பியிருந்தார். அடியில், திங்கட்கிழமை பாஸ்போட்டோடு வரச்சொல்லி ஒரு வரி. தங்கச்சி என் தோளுக்கு மேலாக எட்டி வாசித்தாள். அவள் மூச்சில் பூண்டு மணந்தது.

"படிலே வச்சு போகலன்னு சொன்னியே" என்றேன்.

"அப்ப மீன் கெட்டுப்போயிருந்துச்சே" என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. கோழிக்கூட்டுக் கதவை அப்பா திரும்பக் கட்டினார். தூர்க்கட்டை நின்று எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதில் தண்ணீர் சுட வைத்தார்.

அவள் போய்விட்டாள். வினாத்தாள் கட்டை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா இன்னும் மலைக்குப் போகிறார், முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு. நோட்டன் பிரிட்ஜ் ரோட்டில் அந்த மீன்காரர் என்னைக் கண்டால் பேசினை மூடியிருக்கும் சாக்கைத் தூக்கிக் காட்டுவார். நான் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நிற்பேன்.

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அவள் வீடியோவில் கூப்பிடுவாள். அந்த வீட்டில் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவத் தொடங்கும் முன் கிடைக்கிற நேரம் அது. போனை எங்கேயோ சாத்தி வைத்துவிட்டுப் பேசுவாள். பாதி முகமும், பின்னால் ஓடுகிற மின்விசிறிச் சத்தமும். என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பாள். போன கிழமையும் அப்படித்தான்.

"இன்னைக்கும் ஸமக்தானா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. நாலு மீனு. விருந்தாளி வந்திருந்தாங்க."

"நீ சாப்புட்டியா?"

"இப்பதான் உள்ள வந்துச்சு. சாப்புடப் போறேன்."

"என்ன வந்துச்சு?"

"தோலு." சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவங்க சதைய எடுத்துட்டு தோல ஒதுக்கிருவாங்க. அது திரும்பி வரும். அதோட சோறு."

என் முகத்தைப் பார்த்து அவளே சிரித்தாள். குரலைத் தாழ்த்தி, போனுக்குக் கிட்டே வந்தாள். முழு முகமும் தெரிந்தது. மெலிந்திருந்தாள்.

"மொதல்ல எனக்கு வெளங்கலக்கா. வீட்ல சுட்ட மாதிரியே நல்லா சுட்டேன். தோலுல ஒன்னுமே இருக்காது. இப்ப முதுகுப் பக்கத்த நெருப்புக்குக் கொஞ்சம் தள்ளி வச்சிர்றேன். அங்கதான் சத கெட்டி. சரியா வேகாம தோலோட நல்லா ஒட்டிக்குது. அவங்களுக்குத் தெரியிற அளவுக்கு இல்ல. எனக்கு அது போதும்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போனை அணைத்துவிட்டாள்.

அம்மா இஸ்தோப்பில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னா சொல்றா சின்னவ?" என்று கேட்டார்.

"மீன் சாப்புடுறாளாம்" என்றேன்.

"அவ கையில சுட்டதா?"

"அவ கையில சுட்டதுதான்."

"அப்ப சரி" என்று அம்மா மற்ற முழங்காலைத் தேய்க்கத் தொடங்கினார்.